ஊர் தாண்டிய சாகாக்கள்: இன அடையாளம் – ஓர் எளிய அறிமுகம்

ஒருவரை இன்ன இனத்தவர் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மொழி, மதம், பெயர், முகச்சாயல், பிறந்த மண் என்று ஆளுக்கொரு அளவுகோலை நீட்டுவார்கள். இந்த அளவுகோல்கள் எங்கெங்கே உடைகின்றன என்று பார்க்கச் சைபீரியாவின் சாகா மக்கள் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதிலும் சொந்த மண்ணைவிட்டு மாஸ்கோ, சென்ட் பீட்டர்ஸ்பர்க், சியோல், இஸ்தான்புல் என்று போய் வாழ்கிறவர்களைக் கவனித்தால், அடையாளம் என்பது பெட்டியில் போட்டு எடுத்துப்போகிற பொருள் அல்ல, யார் எதிரில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெவ்வேறு அடுக்காக மேலெழும்பி வருவது என்று விளங்கும்.

சாகாக்கள் யார்?

ரஷ்யாவின் வடகிழக்கில் இருக்கிறது சாகா குடியரசு. யாகுதியா என்றும் சொல்வார்கள். பரப்பு சுமார் 30.8 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடச் சற்றே சிறியது. அவ்வளவு பெரிய நிலத்தில் மக்கள் தொகை ஏறத்தாழ 10 லட்சம்தான். தலைநகர் யாகுட்ஸ்க் லேனா நதிக்கரையில் இருக்கிறது. பனிக்காலத்தில் மைனஸ் 67 டிகிரிக்கும் கீழே குளிர் பதிவான வெர்ஹோயான்ஸ்க்கும் ஒய்மியாகோனும் இந்தக் குடியரசின் ஊர்கள்தான். இந்தக் குளிரில் குதிரையும் மாடும் வளர்த்துப் பிழைத்தவர்கள் சாகாக்கள். அவர்கள் பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1926இல் குடியரசின் மக்களில் சாகாக்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். ஆல்தான் தங்கமும், 1955இல் கண்டுபிடித்த மிர்னி வைரச் சுரங்கமும் ரஷ்யாவின் பிற பகுதிகளிலிருந்து தொழிலாளர்களை இழுத்து வந்தன. 1989இல் சாகாக்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். 2021 கணக்கெடுப்பில், தம் இனம் எதுவென்று சொன்னவர்களில் 55 சதவீதம் பேர் சாகாக்கள். சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகி, மறுபடி பெரும்பான்மையான அனுபவம் இது. இன்று ஐம்பது அறுபது வயதில் இருப்பவருக்கும் இருபது வயதுக்காரருக்கும் 'சாகா' என்று சொல்லிக்கொள்வதில் தொனி வேறுபடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். மூத்தவர் பலர் யாகுட்ஸ்க் நகரப் பேருந்தில் தாய்மொழியில் பேசக் கூச்சப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள்.

குழப்பும் மூன்று பெயர்கள்

சாகா என்பது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். யாகுத் என்பது அண்டை மக்களிடமிருந்து ரஷ்யர்கள் கேட்டு வைத்த பெயர். ரஷ்ய மொழியில் இன்றும் அதுதான் புழக்கம். இந்த இரண்டும் ஒரே இனத்தைக் குறிக்கும். மூன்றாவதான 'யாகுதியான்' வேறு சங்கதி. அது குடியரசில் வாழும் எவரையும் குறிக்கும். ரஷ்யர், உக்ரைனியர், எவென்கி என்ற சைபீரியப் பூர்வகுடியினர், சாகா எல்லாரும் அதில் அடக்கம். மாஸ்கோவில் 'யாகுதியான்கள் சந்திப்பு' என்று அழைப்பு வந்தால் அங்கே பொன்னிறத் தலைமுடிக்காரர்களும் வருவார்கள், சிலர் சாகா மொழியில் வெளுத்து வாங்குவார்கள். இதை இனக்கூட்டம் என்று எழுதினால் தவறு. அது ஊர்க்காரர் கூட்டம்.

இன்னொரு சிக்கல் சோவியத் காலத்து ஆவணங்களில் இருக்கிறது. ரஷ்யாவில் குடியுரிமையும் இனமும் தனித்தனி. 1932இல் தொடங்கிய உள்நாட்டுக் கடவுச்சீட்டில் இனத்துக்கென்று ஒரு வரி இருந்தது. 16 வயதில் பெற்றோர் இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் எழுத முடியாது. தந்தை ரஷ்யர், தாய் சாகா என்றால் ஒருபக்கம் சாய்ந்தே தீரவேண்டும். இப்படிப்பட்ட கலப்புப் பிள்ளைகளைச் 'சாகல்யார்' என்பார்கள். ஆவணத்தில் இல்லாத பெயர், ஊர்ப் பேச்சில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். 1993 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு இனத்தைச் சொல்லவோ சொல்லாமல் விடவோ உரிமை தந்தது. 1997 முதல் வந்த புதிய கடவுச்சீட்டில் அந்த வரியே இல்லை. அதனால் இன்று ஊர் தாண்டி வாழும் இளம் சாகா ஒருவரிடம் அவர் சாகா என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சொல்வதும் பிறர் ஒப்புக்கொள்வதும்தான் சான்று.

அளவுகோல்கள் உடையும் இடங்கள்

மொழியை எடுத்துக்கொள்வோம். வடக்கே தைமிர் தீபகற்பத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் டொல்கன் என்ற மக்கள் சுமார் 8,000 பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு சாகா மொழிக்கு மிக நெருக்கம், கிளைமொழி என்றே சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் தனி இனம். குடியரசுக்குள்ளேயே வாழும் எவென்கிகளில் பெரும்பாலோருக்குச் சாகாதான் வீட்டுமொழி. ஆனாலும் அவர்கள் எவென்கிகள். மறுபக்கம், சாகா மொழி ஒரு வாக்கியம்கூடப் பேசவராத நகரத்துச் சாகாக்கள் இருக்கிறார்கள்.

இதில் சட்டமும் கை வைக்கிறது. ரஷ்யச் சட்டத்தில் 'சிறுதொகைப் பூர்வகுடி' என்ற தகுதிக்கு 50,000 பேர் என்பது உச்சவரம்பு. மீன்பிடி, வேட்டைச் சலுகைகள் அந்தத் தகுதியோடு வரும். ஏறத்தாழ 4,80,000 பேர் கொண்ட சாகாக்களுக்கு அது கிடையாது. எவென்கி, எவென், டொல்கன், யுகாகிர் மக்களுக்கு உண்டு. கலப்புக் குடும்பங்களில் ஒரு தலைமுறை சாகா என்று பதிவாகி, அடுத்த தலைமுறை எவென்கி என்று பதிவாவதற்கு இதுவும் ஒரு காரணம். பொய் சொல்கிறார்கள் என்று பொருளல்ல. இரண்டு வேரும் உண்மையாக இருக்கும்போது, எது எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பதைச் சட்டம் தள்ளிவிடுகிறது.

பெயரும் கைகொடுக்காது. ஞானஸ்நானத்தோடு வந்தவை ரஷ்யக் குடும்பப் பெயர்கள். இவானோவ், பெத்ரோவ், நிகோலாயெவ் என்று தாளில் பார்த்தால் ரஷ்யர் என்றே நினைப்போம். முதற்பெயர்களில் மட்டும் பழைய சாகா பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன: அய்சென், துயாரா, சர்தானா, நியூர்குயானா. குடியரசின் தலைவர் அய்சென் நிகோலாயெவ் பெயரிலேயே இரண்டு அடுக்கும் ஒட்டியிருக்கின்றன. மதமும் அப்படித்தான்: ஆர்த்தடாக்ஸ் கிறித்தவப் பதிவு ஒருபுறம், அய்யி தெய்வங்களையும் நெருப்பையும் வணங்கும் பழைய வழக்கம் மறுபுறம். பலர் இரண்டையும் சங்கடமில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

நார்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்ன கருத்து இங்கே உதவும். ஓர் இனத்தை வரையறுப்பது உள்ளே இருக்கும் பண்பாட்டுச் சரக்குகளின் பட்டியல் அல்ல, 'நாம்' 'அவர்' என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டு காத்துவரும் எல்லைக்கோடு என்றார் அவர். சரக்கு மாறலாம், கோடு நீடிக்கும். டொல்கன்களுக்கும் சாகாக்களுக்கும் இடையில் சரக்கு கிட்டத்தட்ட ஒன்று, கோடு இருக்கிறது. ரஷ்ய மொழி மட்டும் பேசும் சாகாவுக்கும் மாஸ்கோ ரஷ்யருக்கும் இடையிலும் அப்படியே.

புலம்பெயர்ந்தவர் என்று யாரைச் சொல்வது?

2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் சாகாக்கள் சுமார் 4,78,000 பேர்; குடியரசுக்குள் 4,66,000. வெளியே இருந்தவர்கள் 12,000க்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பதிவு முகவரியை ஊரிலேயே வைத்துக்கொண்டு வெளியூரில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் கணக்கில் நழுவுவார்கள். 2021இல் நிலைமை இன்னும் மோசம். நாடு முழுக்கச் சுமார் 1.66 கோடிப் பேரின் இனம் பதிவாகவே இல்லை.

வெளியே வாழ்பவர்கள் ஒரே மாதிரியானவர்களும் அல்லர். கிராஸ்னயார்ஸ்க் பிரதேசத்தின் வடக்கில் யெஸ்ஸே ஏரிக்கரையில் பல தலைமுறைகளாகச் சாகாக்கள் இருக்கிறார்கள். குடியரசு என்ற எல்லை வரைந்ததே 1922இல்தான் என்பதால், இவர்கள் போன இடத்தில் கோடு பின்னால் வந்தது. இவர்கள் கலைமான் மேய்ப்பவர்கள். 'சாகா என்றால் குதிரை' என்ற சுவரொட்டிப் படத்தில் இவர்களுக்கு இடமில்லை. அடுத்து, படிக்கவும் வேலைக்கும் பெருநகரங்களுக்குப் போனவர்கள். நாட்டுக்குள்ளேயே இருப்பவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்பது சரியா என்ற விவாதம் ஆய்வாளர்களிடம் உண்டு. யாகுட்ஸ்கிலிருந்து மாஸ்கோ ஆறு மணி நேரத்துக்கு மேல் விமானப் பயணம், கடிகாரத்தில் ஆறு மணி நேர வித்தியாசம், பேசும் மொழி வேறு. அனுபவத்தில் அது வெளிநாடுதான் என்பது என் கட்சி. மூன்றாவது, வெளிநாட்டில் இருப்பவர்கள். 2014 தொடக்கத்தில் ரஷ்யாவுக்கும் தென்கொரியாவுக்கும் 60 நாள் விசா விலக்கு வந்தபின் சியோல் பக்கம் போக்குவரத்து கூடியது. 2022 செப்டம்பர் 21இல் உக்ரைன் போருக்காக ரஷ்யா படைத்திரட்டல் அறிவித்தபின் கஜகஸ்தானுக்கும் மங்கோலியாவுக்கும் வேறொரு அலை போனது.

எதிரில் நிற்பவர் மாறினால் அடுக்கும் மாறும்

இரண்டு சாகாக்கள் அந்நிய ஊரில் சந்தித்தால் முதல் கேள்வி 'எந்த உலூஸ்?' என்பது. உலூஸ் என்றால் மாவட்டம். குடியரசில் 34 உண்டு. அடுத்தது நஸ்லெக், அதாவது ஊர்த்தொகுதி. சுந்தார், தாட்டா, சுரப்சா என்று பதில் வந்தவுடன் உறவுமுறை துழாவல் ஆரம்பிக்கும். சுரப்சாக்காரர் என்றால் மல்யுத்தப் பேச்சு வந்துவிடும்; 1972, 1976 ஒலிம்பிக் தங்கங்கள் வாங்கிய ரோமன் டிமித்ரியெவ், பாவெல் பினிகின் இருவரையும் உருவாக்கிய பள்ளி அங்கே இருந்தது. ஆக, சாகாக்களுக்குள் 'சாகா' என்ற அடுக்கு வேலை செய்வதில்லை, அது எல்லாருக்கும் பொது. உலூஸ்தான் பேசுகிறது.

அதே ஆள் மாஸ்கோவில் வாடகைக்கு வீடு தேடும்போது உலூஸுக்குப் பொருளே இல்லை. 'ஸ்லாவியர்களுக்கு மட்டும்' என்ற விளம்பரம் எதிரில் நிற்கும். மெட்ரோவில் காகிதம் கேட்கும் காவலர் இவரை மத்திய ஆசியத் தொழிலாளி என்று நினைத்திருப்பார். இங்கே மேலே வருவது 'ஆசிய முகம்' என்ற, பிறர் ஒட்டிய அடுக்கு. அதற்கு எதிர்வினையாகப் பிறப்பால் ரஷ்யக் குடிமகன் என்ற அடுக்கை அவரே முன்னால் இழுக்கிறார். பக்கத்தில் நிற்கும் கிர்கிஸ் தொழிலாளியிடமிருந்து விலகிக்கொள்ளவும் இதே வாதம் பயன்படுகிறது. இந்தச் சங்கடமான பகுதியைப் பெருமைக் கட்டுரைகள் எழுதாமல் விட்டுவிடும்.

துருக்கியில் கதை தலைகீழ். அங்கே 'இனத் தம்பி' என்று அணைத்துக்கொள்வார்கள். ஒன்று 'பிர்', இரண்டு 'இக்கி' என்று எண்ணிக்காட்டினால் துருக்கியருக்கு உற்சாகம். எண்ணிக்கை தாண்டி வாக்கியத்துக்குப் போனால் ஒருவருக்கொருவர் புரியாது. தொழுகைக்கு வாருங்கள் என்றால் இன்னொரு கோடு தெரியும். சாகாக்கள் முஸ்லிம்கள் அல்லர். சியோலில் முகம் கூட்டத்தோடு கரைந்துவிடும், வாய் திறந்தால் 'ரஷ்யர்' ஆகிவிடுவார். மாஸ்கோவில் யாரும் தராத அந்தப் பட்டம் சியோலில் இலவசமாகக் கிடைக்கும்.

வெளியூரில் ஓர் இஸ்யாக் நடத்துவது

அடையாளத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இஸ்யாக் விழாவைப் பாருங்கள். கோடைக் கதிர்த்திருப்பத்தை ஒட்டி, ஜூன் 21–22 வாக்கில் வரும் புத்தாண்டு இது. சோவியத் காலத்தில் விளையாட்டுப் போட்டியும் உழைப்புப் பரிசளிப்புமாகச் சுருங்கியிருந்த விழா, 1990களில் வழிபாட்டுச் சடங்குகளோடு மீண்டது. வெளியூர்ச் சாகாக்கள் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடும் நாளும் இதுவே. ஊரில் தானாக நடப்பது வெளியூரில் திட்டமிட்டு நடக்க வேண்டும். அப்போதுதான் எது விடமுடியாதது, எது விட்டால் பரவாயில்லை என்று ஒவ்வொரு குழுவும் முடிவெடுக்கிறது.

தேதி முதலில் விட்டுக்கொடுக்கப்படும்; வேலைநாளில் யாரும் வரமுடியாததால் சனி ஞாயிறுக்குத் தள்ளுவார்கள். அடுத்த தலைவலி நெருப்பு. அல்கிஸ் எனும் வாழ்த்துப்பாடலைச் சொல்பவர் நெருப்புக்குக் குதிரைமயிரும் வெண்ணெயும் அலாஜி எனும் சிறு அப்பமும் ஊட்டிய பிறகே விழா தொடங்கும். நகரப் பூங்காவில் திறந்த நெருப்புக்கு அனுமதி கிடைக்காவிட்டால் கால்வைத்த இரும்புத் தட்டில் சின்னதாக மூட்டுவார்கள். நெருப்பே இல்லாமல் நடத்தினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தேதி மாறியதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதைப் பொறுப்பதில்லை.

மூன்றாவது குமிஸ். புளிக்கவைத்த குதிரைப்பால். சோரோன் என்ற செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். ரஷ்ய நகரங்களில் பாஷ்கிர் என்ற இன்னொரு துருக்கிய மக்களின் குமிஸ் கடையில் கிடைக்கும், சுவை கொஞ்சம் வேறு. அதுவும் கிடைக்காத ஊரில் பசும்பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பிப்பாஹ் கைகொடுக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, ஊரிலேயே குதிரைப்பால் இல்லாத வீடுகளில் இருந்த வழக்கம்.

குதிரை கட்டும் செர்கே தூண், வண்ணத்துணி முடிந்த சலமா கயிறு ஆகியவை சுலபம். கயிறு பெட்டியில் அடங்கும், தூணுக்கு மடக்கக்கூடிய மாதிரி ஒன்று போதும். ஹோமுஸ் இன்னும் சுலபம். நம் மோர்சிங்கின் குடும்பம்தான், சட்டைப்பையில் போய்விடும்.

உண்மையான முட்டுக்கட்டை ஒசூவோகாய் வட்ட நடனத்தில்தான் வரும். கைகோத்து நெருங்கி நின்று, சூரியன் போகும் திசையில், அதாவது கடிகாரச் சுற்றில் நகர வேண்டும். பாடுபவர் அந்தக் கணத்தில் கட்டி ஒரு வரியைப் போடுவார், வட்டம் அதையே திருப்பிச் சொல்லும். மெதுநடையில் ஆரம்பித்து, வேகம் கூடி, துள்ளலில் முடியும். பத்துப் பேர் இருந்தாலே வட்டம் நகரும். ஆனால் மோனை தப்பாமல் வரி கட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். மொழி மங்கிய குழுவில் அவர் கிடைக்கமாட்டார். பதிவுசெய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் வட்டம் திருப்பிச் சொல்ல இடைவெளி இருக்காது, இரண்டே சுற்றில் கை தளர்ந்துவிடும். அதனால்தான் பல குழுக்களில் உணவைவிட, உடையைவிட, நல்ல பாடகருக்குத்தான் கிராக்கி.

இந்த வட்டத்துக்கு வேறொரு பயனும் வந்தது. 2022 செப்டம்பர் 25இல் யாகுட்ஸ்கில் படைத்திரட்டலை எதிர்த்த பெண்கள் சதுக்கத்தில் ஒசூவோகாய் ஆடினார்கள். அதன்பின், வெளிநாட்டில் யார் ஏற்பாடு செய்த இஸ்யாக்குக்குப் போகிறோம் என்பதே ஒரு நிலைப்பாடாகப் பார்க்கப்படுகிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: பனிக்காலத்தில் யாகுட்ஸ்க் முழுதும் குளிர்பதனப் பெட்டிதான். உறைந்த மீனும் குதிரைக்குட்டி விலா இறைச்சியும் அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் மாஸ்கோ வந்துவிடும். கோடையில் இது நடக்காது. தென்கொரியா போன்ற நாடுகளில் சுங்கத்திலேயே இறைச்சி பறிபோகும். அங்கே மிஞ்சுவது அலாஜியும் குயெர்செஹும்: கொழுத்த பாலேட்டை இத்திக் எனும் மரமத்தால் இரு உள்ளங்கைக்கிடையே சுழற்றிக் கடைந்து, காட்டுப்பழம் கலந்து உண்பது.

பிள்ளைகளும் மொழியும்

வெளியூரில் பிறந்த பிள்ளை 'புரியும், பேசமாட்டேன்' என்ற நிலைக்கு வருவது வழக்கமான பாதை. தாய் தந்தை இருவரும் சாகா பேசினாலும் அண்ணன் தங்கை தங்களுக்குள் ரஷ்யனுக்கு மாறினால் வீட்டுமொழி போய்விட்டது என்று கணக்கு. கைகொடுப்பது கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது. நகரத்துக்கு அல்ல, கிராமத்துக்கு. யாகுட்ஸ்கில் தெருப்பிள்ளைகளும் ரஷ்யன் பேசுவார்கள். தொலைபேசி அழைப்புக்கு நேரம் பார்க்க வேண்டும்: மாஸ்கோவில் மாலை ஆறு என்றால் பாட்டிக்கு நள்ளிரவு. சனிக்கிழமை காலை பத்து மணிதான் இரு பக்கமும் தோது.

எழுத்திலும் ஒரு வேடிக்கை. சாகா மொழி 1939 முதல் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுகிறது. ரஷ்யனில் இல்லாத ஐந்து எழுத்துகள் கூடுதல். விசைப்பலகையில் அவை இல்லாத காலத்தில் தொண்டையொலி எழுத்துக்கு 5 என்ற எண்ணையும், குவிந்த 'ஓ'காரத்துக்கு 8ஐயும் போட்டுப் பழகினார்கள். நண்பன் என்று பொருள்படும் 'தொகோர்' நடுவில் 5 என்ற எண்ணோடு நிற்கும். இப்போது கைபேசியில் சரியான விசைப்பலகை கிடைக்கிறது, 2024இல் கூகுள் மொழிபெயர்ப்பிலும் சாகா மொழி சேர்ந்தது. ஆனாலும் பழைய எண் எழுத்துமுறை ஒழியவில்லை. அப்படி எழுதப்பட்ட செய்தியை இயந்திரத்தில் போட்டால் குப்பைதான் வெளிவரும். சாகா இணைய உரையாடல்களைத் திரட்டி ஆராய்கிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

கேட்டு அறிய விரும்புகிறவர்களுக்கு

'உங்களுக்குச் சாகா முக்கியமா, ரஷ்யா முக்கியமா?' என்று ஒற்றைத் தெரிவாகக் கேட்கக் கூடாது. பெரும்பாலோர் இரண்டையும் சொல்வார்கள், அதை மழுப்பல் என்று எண்ணிவிடுவீர்கள். எந்த உலூஸ், வீட்டில் யாரிடம் எந்த மொழி, கடைசியாகப் போன இஸ்யாக் எது, வெளியே உங்களை யார் என்று நினைக்கிறார்கள் என்று நடைமுறையாகக் கேட்டால் அடுக்குகள் தாமே வெளிவரும். மொழித்திறனைக் கேட்கும்போது 'தெரியுமா' என்பது போதாது. கணக்கெடுப்பிலேயே தாய்மொழி என்று எழுதுவதும் அன்றாடம் பேசுவதும் வெவ்வேறு எண்ணாக வரும். தாய்மொழி என்ற சொல்லைப் பலர் 'என் மக்களின் மொழி' என்று எடுத்துக்கொண்டு, பேசவராவிட்டாலும் சாகா என்றே எழுதுவார்கள்.

கடைசியாக, கேட்டதை எழுதும்போது பேசியவரின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பல நஸ்லெக்குகளில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். இன்ன நஸ்லெக்கைச் சேர்ந்த, கஜகஸ்தானின் அல்மாட்டியில் இருக்கும், முப்பது வயதுப் பல்மருத்துவர் என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். 2022க்குப் பிறகு வெளியேறியவருடைய வீட்டார் ஊரில் இருக்கிறார்கள். உலூஸை 'வில்யூய் பக்கம்', 'நடுப்பகுதி' என்று பொதுவாக்கி, தொழிலை மாற்றாமல் ஊரை மட்டும் மங்கலாக்குவது நடைமுறையில் போதுமானதாக இருக்கும். எதை மங்கலாக்குவது என்பதைப் பேசியவரிடமே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.